திருமண ஆயத்த வகுப்பில் சொல்லாமல் விடப்படுவது: திருகோணமலைக் குருமாருக்கும் போதகர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அருட்தந்தையர்களே, போதகர்மாரே,

கத்தோலிக்கம், மெதடிஸ்தம், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையானாலும், கலியாணத்துக்கு முன்னால் மணமக்களை இருத்திப் பேசும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. அந்தப் பேச்சில் ஜெபம் வருகிறது, காசு வருகிறது, மாமன் மாமியோடு எப்படி நடந்துகொள்வது என்பது வருகிறது, பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்புவதும் வருகிறது. கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் எப்படி வாழப்போகிறார்கள் என்பது மட்டும் வருவதில்லை. அதுவும் வரவேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீடு வீடாகப் போகிற வேலை. குழந்தையின் நிறை பார்த்து, தடுப்பூசி அட்டையைப் பார்த்து, எல்லாம் முடித்து எழும்பும் நேரத்தில்தான் அந்தத் தாய் வாசல்வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி, "மிஸ்ஸி, ஒரு விசயம் கேக்கலாமோ" என்பாள். கேள்வி பல மாதிரி வரும், ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான். இது பாவமா? அவரோடு சேருவதில் எனக்கும் ஆசை வருகிறதே, அது பாவமா? எனக்கு நோகிறது, இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் பாவமா? சனிக்கிழமை இரவு சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை எடுக்கலாமா? கேட்டவர்கள் கோவிலுக்குத் தவறாமல் போகிறவர்கள், பாடகர் குழுவில் பாடுகிறவர்கள். உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அவர்கள் தேடியது கடவுள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்ற பதிலை. அதைச் சொல்லவேண்டிய இடம் உங்களுடையது.

வேதம் இதில் வாய் மூடியிருக்கவில்லை. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே இருவரும் ஒரே மாம்சமாயிருப்பார்கள் என்று வந்துவிடுகிறது. அடுத்த வசனம், இருவரும் நிர்வாணிகளாயிருந்தும் வெட்கப்படாதிருந்தார்கள் என்கிறது. பாவம் நுழைவது மூன்றாம் அதிகாரத்தில். இந்த வரிசையை நம் சனங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. விலக்கப்பட்ட கனி என்பதே உடலுறவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வயதான விசுவாசிகளை நான் சந்தித்திருக்கிறேன். அப்படி நினைக்கிற தாய் தன் மகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பாள்?

நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனுக்கு, உன் இளவயதின் மனைவியோடே மகிழ்ந்திரு என்று சொல்கிறான், அவளுடைய ஸ்தனங்களைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசுகிறான். ஈசாக்கு ரெபெக்காளோடு விளையாடிக்கொண்டிருப்பதை அபிமெலேக்கு ராஜா பலகணி வழியாகப் பார்த்து, இவள் உன் மனைவி என்று அறிந்துகொள்கிறான் (ஆதியாகமம் 26). மணம் முடித்தவர்களுக்கு இடையில் கொஞ்சலும் சிரிப்பும் இருக்கும் என்பது அந்தப் பக்கத்தில் அவ்வளவு சாதாரணமாக வருகிறது. உபாகமம் 24-இல் ஒரு சட்டம் உண்டு. புதிதாகக் கலியாணம் செய்தவன் ஒரு வருடம் யுத்தத்துக்குப் போகவேண்டியதில்லை, அவன் வீட்டில் இருந்து தன் மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும். பெண்ணின் சந்தோஷத்துக்காகப் படையிலிருந்து விலக்குக் கொடுத்த சட்டம் இது. சண்டைக்கு ஆள் பிடிப்பதைக் கண்ணால் கண்ட நம் மாவட்டத்தில் இந்த வசனத்தின் மேல் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

உன்னதப்பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள அன்பாக அதைப் பிரசங்கிக்கிறீர்கள், அந்த வாசிப்பு பழமையானது, அதை நானும் நேசிக்கிறேன். ஆனால் அது ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பிப் பாடும் பாட்டாகவும் இருப்பதால்தான் அந்த உவமையே நிற்கிறது. பாட்டைத் தொடங்குகிறவள் பெண். அவள்தான் முத்தம் கேட்கிறாள். ஆசை ஆணுக்கு உரியது, பொறுத்துப்போவது பெண்ணுக்கு உரியது என்று நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணத்துக்கு அந்த முதல் வசனமே பதில். ஐந்தாம் அதிகாரத்தில் நேசன் இரவில் வந்து கதவைத் தட்டுகிறான், அவள் தயங்குகிறாள், அவன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. அவள் எழுந்து திறக்கும்போது அவன் போய்விட்டிருக்கிறான். திருமண வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மாப்பிள்ளைப் பெடியனுக்கும் இந்த இடத்தை வாசித்துக் காட்டவேண்டும் என்பது என் விருப்பம்.

சரி, அப்படியென்றால் இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களான சபைப் பிதாக்களில் சிலர் கன்னிமையை உயர்த்துவதற்காகத் திருமண உறவைத் தாழ்த்தி எழுதியது உண்மை. ஜெரோம் அதில் கடுமையானவர். அகுஸ்தினார் திருமணத்தின் நன்மைகளைப் பிள்ளை, விசுவாசம், திருவருட்சாதனம் என்று அழகாகச் சொன்னார், ஆனால் இச்சையைப் பற்றிய அவருடைய பயம் மேற்குச் சபையில் நூற்றாண்டுகளாகத் தங்கிவிட்டது. ஆனால் நான்காம் நூற்றாண்டிலேயே கங்கிரா என்ற ஊரில் கூடிய ஆயர்கள், தன் கணவனோடு படுக்கும் பக்தியுள்ள பெண் மோட்சத்துக்குப் போகமாட்டாள் என்று சொல்கிறவன் சபைக்குப் புறம்பானவன் என்று முதல் விதியாகவே எழுதி வைத்தார்கள். பிறகு, துறவியாக இருந்த லூத்தர் 1525-இல், கன்னியாஸ்திரியாக இருந்த கத்தரீனாவை மணந்தார். 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் மணமகன் மோதிரம் போடும்போது, என் உடலால் உன்னைக் கனப்படுத்துகிறேன் என்ற பொருளில் பீடத்துக்கு முன்னால் நின்று சொல்கிறான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தம்பதியரின் உடல் உறவை மேன்மையானது, மதிப்புக்குரியது என்றது. பாப்பரசர் பிரான்சிஸ் 2016-இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலில், திருமணத்தில் உள்ள காமத்தைச் சகித்துக்கொள்ளவேண்டிய தீமையாகப் பார்க்கவே கூடாது, அது கடவுளின் கொடை என்று எழுதியிருக்கிறார். எல்லாச் சபைக்கும் எடுத்துச் சொல்லக் கைவசம் ஏதோ ஒன்று இருக்கிறது.

தமிழுக்கும் இதில் குறைவில்லை. திருக்குறளில் 25 அதிகாரம், 250 குறள் காமத்துப்பால். வீரமாமுனிவர் 1730-இல் குறளை லத்தீனில் கொண்டுபோனபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் எடுத்துக்கொண்டு காமத்துப்பாலை விட்டுவிட்டார். நூற்றைம்பது வருடம் கழித்து, 1886-இல், போப் ஐயர் மூன்று பாலையும் ஆங்கிலத்தில் முழுமையாகக் கொடுத்தார். இருவரும் குருமார்தான். வீரமாமுனிவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் திருமண வகுப்பு விசயத்தில் நீங்கள் போப் ஐயரின் பக்கம் நிற்கவேண்டும் என்று கேட்கிறேன். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் மண்டபம் எடுத்து, கூறை உடுத்தி, ஊரைக் கூப்பிட்டுச் சாமத்தியவீடு செய்கிறோம். கிறிஸ்தவ வீடுகளிலும் செய்கிறோம். அவளுடைய உடம்பு வளர்ந்துவிட்டது என்று ஊருக்கே சொல்லிவிட்டு, அந்த உடம்பைப் பற்றி அவளிடம் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

இளைஞர் கூட்டங்களில் திருமணத்துக்கு முன் உறவு வேண்டாம் என்று போதிக்கிறீர்கள். அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். உடம்பைக் கொடுப்பது வாழ்க்கையைக் கொடுப்பதோடு சேர்ந்தே வரவேண்டும் என்பதுதான் என் நம்பிக்கையும். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் வேண்டாம், தொடாதே, பார்க்காதே என்று மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணின் மனசு, தாலி ஏறிய அன்று இரவே திறந்துகொள்ளாது. அவளுக்கு இன்னொரு வார்த்தையும் தேவை. இப்போது இது உனக்கும் அவருக்கும் கடவுள் கொடுத்தது, அவசரம் இல்லை, உன் சந்தோஷமும் இதில் கணக்கில் உண்டு என்று அவள் மதிக்கிற ஒருவர் சொல்லவேண்டும். பெடியன்களின் பாடு வேறு. அவர்கள் போனில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே பெண் ஒருத்தி வேண்டாம் என்று சொல்வதே இல்லை, களைப்பதும் இல்லை, கதைப்பதும் இல்லை. நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில் அந்தப் போன்தான் அவர்களுக்கு வாத்தியாராக இருக்கிறது.

இனி நான் எழுத வந்த முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய முதலாம் மடல், முதலாம் கொரிந்தியர் ஏழாம் அதிகாரம், நான்காம் வசனம். "மனைவியானவள் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி." இதை எத்தனை பெண்கள் எனக்கு மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார்கள்! கணவன் சொல்லிக் கேட்டவர்கள், மாமி சொல்லிக் கேட்டவர்கள், ஆலோசனைக்குப் போன இடத்தில் கேட்டவர்கள். அதே வசனத்தின் மற்றப் பாதியை அவர்களில் ஒருத்திகூட எனக்குச் சொன்னதில்லை. "அப்படியே புருஷனும் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி." பவுல் எழுதிய காலத்தில் முதற்பாதி யாருக்கும் புதிதாக இருந்திராது. ரோம ராச்சியத்தில் வீட்டுத் தலைவனுக்கு எல்லாவற்றிலும் அதிகாரம் இருந்தது. இரண்டாம் பாதிதான் கொரிந்து பட்டணத்து ஆண்களைத் திடுக்கிட வைத்திருக்கும். அந்தப் பாதியைத்தான் நாம் இரண்டாயிரம் வருடம் கழித்து மூதூரிலும் உப்புவெளியிலும் காணாமல் போக்கியிருக்கிறோம்.

மூன்றாம் வசனத்தில் பவுல் கடமையைப் புருஷனிடமிருந்து தொடங்குகிறார், பிறகுதான் மனைவியிடம் வருகிறார். ஐந்தாம் வசனத்தில் இருவரும் சம்மதித்தால் என்கிறார். இந்த மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்தால், தன் உடம்பின் மேல் உள்ள அதிகாரத்தை இருவருமே மற்றவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரின் கையும் வெறுங்கை. அப்போது யார் யாரை வற்புறுத்துவது? என் உடம்பு உனக்கு என்று ஒருவர் கொடுக்கலாம். உன் உடம்பு எனக்கு என்று பறிப்பதற்கு அந்த வசனத்தில் இடமே இல்லை.

நான் சொல்வது புதுமை என்று யாராவது நினைத்தால், ஆறாம் பவுல் பாப்பரசர் 1968-இல் எழுதிய சுற்றுமடலை எடுத்துப் பாருங்கள். கருத்தடைக்காக மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்த மடலின் 13-ஆம் பத்தியில், துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பாராமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்பின் செயல் ஆகாது என்று எழுதியிருக்கிறது. இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை 1995-இல் திருத்தப்பட்டபோதுகூட, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்டிருந்தால் ஒழிய, மனைவியை வற்புறுத்துவது வன்புணர்வாக எண்ணப்படவில்லை. நாட்டின் சட்டம் கைவிட்ட பெண்ணை வேதம் கைவிடவில்லை. அதை அவளுக்குச் சொல்லவேண்டியது யார்? அழுதுகொண்டு வரும் ஒருத்தியிடம் பொறுத்துப் போ மகளே, ஜெபம் செய் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஜெபியுங்கள், கூடவே அவளுடைய கணவனைக் கூப்பிட்டுக் கதையுங்கள். அடி உதை இருந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்தைக் கோவில் அறிவித்தல் பலகையில் ஒட்டி வைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

ஐந்தாம் வசனத்தைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நம் ஊர் வீடுகளின் நடுக்கூடத்தில் வந்து நிற்கிற வசனம். ஜெபத்துக்காக, இருவரும் சம்மதித்து, சிலகாலம் பிரிந்திருக்கலாம், பிறகு மறுபடியும் கூடிவாழுங்கள் என்கிறார் பவுல். நம் பிள்ளைகள் கலியாணம் முடித்த மூன்றாம் மாதம் கட்டாருக்குப் போகிறார்கள். சவூதிக்குப் போகிறார்கள். மனைவிமார் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம் நான்காகிறது, நான்கு ஆறாகிறது. வீடு கட்டக் காசு வேண்டும், தங்கச்சிக்குச் சீதனம் வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பயணத்துக்கு முந்தின ஞாயிறு நீங்கள் அவர்களை முன்னுக்குக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து ஜெபிக்கிறீர்கள், அது நல்ல வழக்கம். அந்த ஜெபத்துக்கு முன்னால் இருவரையும் தனியாக இருத்தி ஒரு கேள்வி கேளுங்கள். இருவருக்கும் சம்மதமா, அல்லது ஒருவர் முடிவெடுத்து மற்றவருக்கு அறிவித்தாரா? எவ்வளவு காலம் என்று பேசியிருக்கிறீர்களா? நடுவில் ஒரு தடவை வந்து போக டிக்கெட் காசை முதலிலேயே ஒதுக்கி வைக்கலாமா?

திரும்பி வருகிறவர்களைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. விமானத்தால் இறங்கி வந்த கணவனும் அவனை எதிர்பார்த்திருந்த மனைவியும் ஒருவருக்கொருவர் கிட்டத்தட்ட அந்நியர். அவன் அந்த முதல் இரவிலேயே எல்லாம் பழையபடி இருக்கும் என்று வருகிறான். அவளுக்கு அவன் குரல் வாட்ஸ்அப்பில் பழக்கம், வியர்வை மணம் பழக்கமில்லை. அவள் தயங்கினால் சந்தேகம் வருகிறது, சந்தேகம் சண்டையாகிறது, சண்டை உங்களிடம் வரும்போது அது வேறு பெயரில் வருகிறது. முதல் ஒரு கிழமை பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு நிலாவெளிக் கடற்கரையில் இருவரும் நடந்துவிட்டு வாருங்கள் என்று ஒரு போதகர் சொன்னால், அது ஆலோசனை அறையில் நடக்கும் பத்துக் கூட்டத்துக்குச் சமம் என்று நான் நம்புகிறேன். வெளிநாடு போகாதவர்களுக்கும் இதே பிரிவு வேறு விதமாக உண்டு. இரவுக் கடலுக்குப் போய் விடிய வரும் கணவன், விடியற்காலையில் ஹோட்டல் வேலைக்குக் கிளம்பும் மனைவி. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை.

இன்னொன்று இடம். புருஷன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடே இசைந்திருப்பான் என்கிறது ஆதியாகமம். கிழக்கில் அது எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. வீட்டைப் பெண்ணுக்குத்தான் கொடுக்கிறோம், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருகிறான். ஆனால் வருகிற வீட்டில் மாமன், மாமி, கலியாணமாகாத மச்சாள், ஒரு பாட்டி. இரண்டு அறை, நடுவில் பலகைத் தட்டி. சம்பூர்ப் பக்கத்துச் சனம் 2006-இல் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகத் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது, பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த தம்பதிகள் எத்தனை பேர். கூச்சமும் அவசரமும் அங்கே உடம்பில் ஏறியது, வீடு கிடைத்த பிறகும் இறங்கவில்லை. போர்க்காலத்தில் உடம்புக்கு நேர்ந்த வேறு காயங்களைச் சுமந்துகொண்டு கட்டிலுக்கு வருகிறவர்களும் நம் வாங்கில்களில் இருக்கிறார்கள், ஆண்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவசரப்படுத்தாத துணையும், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரும் வேண்டும். மாமன் மாமியிடம், ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள், மத்தியானத்தில் மகளும் மருமகனும் உள்ளே இருந்தால் கூப்பிடாதீர்கள் என்று சொல்லும் உரிமை ஊரில் உங்களுக்குத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உடம்பின் நோய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலியாணமாகி மாதங்கள் கடந்தும் சேர முடியாமல் இருக்கிற தம்பதிகள் உண்டு. பெண்ணின் தசைகள் அவளை அறியாமலே இறுகிக்கொள்ளும், அவள் வேண்டுமென்று செய்வதில்லை, பிசாசின் வேலையும் இல்லை. பயிற்சியாலும் பொறுமையாலும் வைத்தியத்தாலும் குணமாகக் கூடியது. சீனி வருத்தம் நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் பாதிப்பதால் ஆணின் உடம்பு ஒத்துழைக்காமல் போகலாம், பிரஷருக்குப் போடும் சில குளிசைகளும் அப்படிச் செய்யும். அவன் வெட்கத்தில் விலகிப் படுக்க, அவள் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அழுவாள். பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண்ணுக்கு வறட்சி வரும், நோகும். அதற்கு மருந்துக்கடையில் ஜெல் உண்டு. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் புதுமணத் தம்பதிகளுக்கென்றே நிகழ்ச்சி இருக்கிறது, நம் கோவில் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். பிள்ளை இல்லாத தம்பதியை முன்னுக்கு அழைத்து ஜெபிக்கும்போது, இருவரும் டொக்டரிடம் போனார்களா என்று முதலில் தனியாகக் கேளுங்கள். பெண்ணை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பி, ஆண் போகாமலே வருடங்கள் ஓடிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

கருத்தடையில் நம் சபைகள் ஒரே கருத்தில் இல்லை. ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1930-இல் தங்கள் லம்பேத் மாநாட்டில் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள், கத்தோலிக்கத் திருச்சபை இயற்கை முறையை மட்டும் ஏற்கிறது. திருகோணமலையில் சபை மாறிக் கலியாணம் செய்வது வழக்கமாகிவிட்டது, ஆகவே இருவரும் இதை மோதிரம் மாற்றுவதற்கு முன்னால் பேசி முடிக்கவேண்டும். இயற்கை முறையைப் போதிக்கிற தந்தையருக்கு ஒரு வேண்டுகோள்: அதைக் கணவனுக்குக் கற்றுக்கொடுங்கள். விந்தணு பெண்ணின் உடம்பில் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும், முட்டை ஒரு நாள் அளவுக்குத்தான். அந்த நாட்களை மனைவி எண்ணிக்கொண்டிருந்து பயனில்லை, கணவன் அவளோடு சேர்ந்து காத்திருக்காவிட்டால் அந்த முறையே இல்லை. தோற்றபோது பழி அவள் தலையில் விழுகிறது.

இரகசியத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. கத்தோலிக்கருக்கு, கேட்டதைக் குரு வெளியே சொல்லக்கூடாது என்ற பாவசங்கீர்த்தனத்தின் காவல் இருக்கிறது. மற்றச் சபைகளில் ஒரு பெண் போதகரிடம் அல்லது போதகரின் மனைவியிடம் சொன்னது, அடுத்த புதன்கிழமை வீட்டுக் கூட்டத்தில், பெயர் இல்லாமல் ஆனால் ஆள் தெரியும் விதமாக, ஜெபக்குறிப்பாக வந்துவிடுகிறது. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள்.

உங்களில் பலர் கூச்சப்படுவது எனக்கு விளங்குகிறது. துறவறத்தில் இருக்கும் ஒரு தந்தையோ, மகள் வயதுப் பெண்ணுக்கு முன்னால் நிற்கும் ஒரு போதகரோ இதை எல்லாம் விபரமாகப் பேசவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேதம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் திறந்து வையுங்கள், அது உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் சனம் நம்பும். மற்றதை, சபையில் நல்லபடி வாழ்ந்த தம்பதிகளும் தாதிமாரும் டொக்டர்மாரும் பேசட்டும்.

பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலத்தில் பெரும்பாலும் கலியாணம் வைப்பதில்லை. பாஸ்காவுக்குப் பிறகு வரப்போகிற கலியாணங்களுக்கு அந்த நாற்பது நாளில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். எல்லாச் சபைப் பிள்ளைகளும் சேர்ந்து வரட்டும், மண்டபம் எதுவானாலும் சரி. காலையில் நீங்கள் வேதத்திலிருந்து பேசுங்கள். அப்புறம் பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை. பெயர் போடாமல் துண்டில் கேள்வி எழுதிப் போட ஒரு பெட்டி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு சோடியும் தனித்தனியாக ஒரு மணி நேரம் இருந்து தங்களுக்குள் கதைக்கட்டும். பெண்கள் பக்கத்துக்கு நான் வருகிறேன், இன்னும் இரண்டு ஓய்வுபெற்ற தாதிமாரையும் கூட்டி வருகிறேன், காசு ஒன்றும் வேண்டாம். ஆண்கள் பக்கத்துக்கு உங்கள் சபைகளில் உள்ள ஒரு டொக்டரைக் கேளுங்கள். எந்தச் சனிக்கிழமை என்று முடிவெடுத்து, பொங்கல் முடிந்தவுடன் கோவிலில் அறிவித்துவிடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை